காலிக் கட்டடத்தில் எடுத்த சோதனை: எங்கள் குடியிருப்பைக் கட்டியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: நிர்வாக இயக்குநர் அவர்களும் ஒப்படைப்புப் பிரிவுத் தலைவர் அவர்களும், எங்கள் குடியிருப்பைக் கட்டிய நிறுவனம், பெங்களூரு.

ஐயா,

தீபாவளி விடியற்காலையில் எங்கள் இரண்டு டவர்களும் இருண்டு போனதைப் பற்றி அசோசியேஷன் எழுதிய புகாருக்கு உங்கள் பதில் வந்து சேர்ந்தது. மின்சாரம், ஜெனரேட்டர், லிஃப்ட், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் எல்லாமே ஒப்படைப்பின்போது சோதித்துத் தேறியவை என்றும், அன்று நடந்ததற்குக் காரணம் குடியிருப்போரின் ‘வழக்கத்துக்கு மாறான ஒரே நேரப் பயன்பாடு’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதோடு நிறுத்தியிருந்தால் எப்போதும்போல வாட்ஸ்அப் குழுவில் புலம்பிவிட்டு விட்டிருப்போம். ஆனால் கடைசிப் பத்தியில், மூன்றாவது டவரையும் இதே டிரான்ஸ்ஃபார்மரிலும் இதே ஜெனரேட்டரிலும் இதே சுத்திகரிப்பு நிலையத்திலும் இணைத்து, யுகாதிக்கு முன் சாவி கொடுக்கப் போவதாகச் சொல்கிறீர்கள். தாங்கும் என்பதற்கு ஆதாரமாக நீங்கள் வைத்திருப்பது அதே பழைய சோதனை அறிக்கை. அதைப் படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை.

அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். ஜெனரேட்டர்: சுமை இல்லாமல் அரை மணி நேரம் ஓடியது, சரி. தண்ணீர்: மேல் மாடியில் ஒரு வீட்டில் குழாயைத் திறந்து அழுத்தம் பார்த்தது, சரி. லிஃப்ட்: எடைக்கல் ஏற்றிப் பார்த்தது, எல்லா மாடியிலும் நின்றது, சரி. கழிவுநீர்: வெளியேறும் நீரின் மாதிரியில் பி.ஓ.டி. (நீரில் மிச்சமிருக்கும் கழிவைக் காட்டும் அளவு) லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே, சரி. எல்லா இடத்திலும் பச்சை முத்திரை. அந்தத் தேதியில் இந்த வளாகத்தில் குடியிருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். செக்யூரிட்டிகளும் உங்கள் சைட் ஆட்களும்தான் மீதி.

நான் எலக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறவன். ஒரே நேரத்தில் லட்சம் பேர் வந்து விழுந்தால் தளம் தாங்குமா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. காலை 10 மணித் தத்கல் நெரிசலைச் சந்திக்கவேண்டிய தளத்தை, இரவு 2 மணிக்கு நாலு பேரை வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டுத் ‘தேறியது’ என்று நான் கையெழுத்துப் போட்டால் அந்த வேலையில் நீடிக்க முடியாது. நீங்கள் போட்டிருப்பது அந்த மாதிரிக் கையெழுத்து.

வளாகம் நிறையும் என்பது உங்களுக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் சந்தாபுராவுக்கு வரும் வழியெல்லாம் ‘மெட்ரோ வருகிறது’ என்று கொட்டை எழுத்தில் பலகை வைத்துத்தானே விற்றீர்கள்? சொன்னபடியே வந்தது. 2025 ஆகஸ்ட் 10 அன்று ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை மஞ்சள் தடம் திறந்தது. அதுவரை வாங்கிப் பூட்டி வைத்திருந்தவர்கள் மளமளவென்று வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துக் குடும்பங்களாக வந்து இறங்கின. பக்கத்து வீட்டு அக்கா, “பொங்கலுக்குக் கோலம் போட இடம் பத்தாது போலிருக்கே” என்று சந்தோஷமாகச் சொன்னார். இடம் மட்டும்தான் பத்தாது என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் தீபாவளி வந்தது. தீபாவளி அன்று விடியலில் எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பது ‘வழக்கத்துக்கு மாறான’ செயலா? தமிழர் வீட்டில் அதுதான் வழக்கமே. நாங்கள் மட்டுமா? உங்கள் நிறுவனம் பிறந்து வளர்ந்த ஊர் இது. முதல் நாள் மாலையே பாத்திரம் பண்டமெல்லாம் தண்ணீர் பிடித்து வைக்கிற ‘நீரு தும்புவ ஹப்ப’வும், மறுநாள் நரக சதுர்த்தசிக்கு எண்ணெய்க் குளியலும் கன்னட வீடுகளிலும் உண்டு. பஞ்சாங்கத்தில் ஒரு வருடத்துக்கு முன்பே தேதியும் நேரமும் அச்சாகிவிடுகிற நெரிசல் அது. இதைவிட முன்கூட்டித் தெரிகிற உச்சச் சுமை எந்த ஊரில் எந்தப் பொறியாளருக்குக் கிடைக்கும்?

கணக்கைப் பாருங்கள். டவருக்கு 14 மாடி, மாடிக்கு 8 வீடு, ஆக 112 வீடு. வீட்டுக்கு 5 கிலோவாட் என்று பணம் கட்டியிருக்கிறோம். கூட்டினால் 560 கிலோவாட். எல்லோரும் ஒரே சமயத்தில் முழுதாக இழுக்கமாட்டார்கள் என்று, மின் வடிவமைப்பில் அதற்கு ஒரு குறைப்பு விகிதம் வைப்பார்கள். டைவர்சிட்டி என்று பெயர். தவறில்லை, எல்லா ஊரிலும் செய்வதுதான். அப்படிச் செய்யாவிட்டால் கட்டுபடியாகாது. ஆனால் எவ்வளவு குறைத்தீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வீட்டுக்கு இரண்டு குளியலறை, இரண்டு கெய்சர், ஒவ்வொன்றும் 2 கிலோவாட். தீபாவளி காலை 5 மணிக்கு கெய்சர் மட்டுமே 448 கிலோவாட். பாதியாகக் குறைத்து 280க்கு வடிவமைத்திருந்தால் அடுப்புப் பற்றவைக்கும் முன்பே மெயின் பிரேக்கர் விழுந்துவிடும். விழுந்தது. அன்று பெஸ்காம் (பெங்களூரு மின் விநியோக நிறுவனம்) தரும் மின்சாரம் போகவே இல்லை. எதிர் வளாகத்தில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. நீங்கள் கூரையில் வைத்த சூரிய வெந்நீரும் மேல் மூன்று மாடிகளோடு முடிந்துவிடுகிறது; அந்த மாடிகளைக் கழித்தாலும் கெய்சர் சுமை 352 கிலோவாட். கீழே இருப்பவர்களுக்குக் கெய்சரை விட்டால் வேறு கதி கிடையாது.

மனிதர்கள் தனித்தனியாக, தங்கள் பாட்டுக்கு நடந்துகொள்வார்கள் என்ற அனுமானம் கட்டுமானத் துறையில் இதற்கு முன்பும் உதைத்திருக்கிறது. லண்டனில் தேம்ஸ் நதிக்கு மேல் மில்லேனியம் நடைபாலத்தை 2000 ஜூன் 10 அன்று திறந்தார்கள். எடையைத் தாங்க அதற்குத் தெம்பு இருந்தது. ஆனால் கூட்டம் ஏறியதும் பாலம் லேசாகப் பக்கவாட்டில் ஆட, ஆட்டத்துக்கு ஏற்றபடி ஜனங்கள் தங்களை அறியாமலே ஒரே தாளத்தில் கால் வைக்க, ஆட்டம் இன்னும் கூடியது. இரண்டே நாளில் மூடினார்கள். அதிர்வைத் தணிக்கும் கருவிகளைப் பொருத்தி, 2,000 பேரை உண்மையாகவே நடக்கவிட்டுப் பார்த்தபிறகுதான் 2002 பிப்ரவரியில் மறுபடி திறந்தார்கள். ‘நடந்தவர்கள் வழக்கத்துக்கு மாறாக நடந்தார்கள்’ என்று யாரும் பதில் எழுதிக்கொண்டிருக்கவில்லை.

ஜெனரேட்டருக்கு வருகிறேன். பிரேக்கர் விழுந்ததும் ஜெனரேட்டர் கிளம்பத்தான் செய்தது. கிளம்பிய கையோடு தண்ணீர்ப் பம்புகள், லிஃப்ட்டுகள், சுத்திகரிப்பு நிலையத்தின் காற்றடிக்கும் பிளோயர்கள் எல்லாம் ஒரே மூச்சில் எழுந்தன. நேரடியாகத் தொடங்கும் மோட்டார் ஒவ்வொன்றும் முதல் சில நொடிகளில் வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஒன்றன்பின் ஒன்றாக எழுப்ப ஏற்பாடு இருக்கவேண்டும். இருந்ததா என்று எங்களுக்குத் தெரிவிக்கவில்லை. ஜெனரேட்டர் ஓவர்லோடு என்று காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது. பால் போட வந்த பையன் ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டான். மின்சாரம் போனால் அருகிலுள்ள மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறக்கவேண்டிய பேட்டரி, உயிர் போன நிலையில் இருந்தது. மற்றவர்கள் தலையில் எண்ணெயும் கையில் சீயக்காயுமாகக் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது. அந்தப் பையனுக்கு வராது.

சுமை இல்லாமல் அரை மணி நேரம் ஓட்டிய சோதனையில் இதில் எது தெரிந்திருக்கும்? ஒன்றும் தெரிந்திருக்காது. டீசல் ஜெனரேட்டரைச் சுமையில்லாமலே ஓட்டி ஓட்டி வைப்பதே அதற்குக் கெடுதல். முழுதாக எரியாத எண்ணெயும் கரியும் புகைக்குழாயில் படிந்து, வேண்டிய நேரத்தில் இழுக்காது. முழுச் சுமையில் பார்க்க ஆள் குடிவரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. லோட் பேங்க் என்று வாடகைக்கே கிடைக்கிறது; பெரிய ஹீட்டர் பெட்டி, அவ்வளவுதான். அதை மாட்டி 25, 50, 75, 100 விழுக்காடு என்று படிப்படியாக ஏற்றிப் பார்த்திருக்கலாம். கோடிக்கணக்கில் கட்டியவர்களுக்கு அந்த வாடகை ஒரு செலவா?

கழிவுநீர் நிலையம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் அங்கேதான் உங்கள் அறிக்கை எனக்குப் பெரிய வேடிக்கையாகப் பட்டது. அந்தத் தொட்டிகளுக்குள் வேலை செய்வது பாக்டீரியா. கழிவுதான் அதன் சாப்பாடு. சாப்பாடு வந்தால்தான் பெருகும். போதிய அளவுக்குப் பெருக வாரக்கணக்கில் ஆகும். தொடக்கத்தில் சாணத்தைக் கரைத்தோ, ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு நிலையத்தின் சேற்றைக் கொண்டுவந்து ஊற்றியோ உயிர் கொடுப்பார்கள். ஐந்தாறு குடும்பம் இருந்த நாளில் அந்தத் தொட்டியில் இருந்தது பெரும்பாலும் டேங்கர் தண்ணீர். தண்ணீரை உள்ளே விட்டுத் தண்ணீரை வெளியே எடுத்து, சுத்தமாக இருக்கிறது என்று ஆய்வகத்தில் சான்று வாங்கியிருக்கிறீர்கள்.

நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் தர்மபுரித் தம்பியிடம் கேட்டேன். “பிளான்ட் நல்ல பிளான்ட்தான் அண்ணா. ஆனா ராத்திரி பட்டினி, காலைல விருந்து. அதுக்குத் தாங்கல” என்றான். உங்கள் ஆலோசகர்கள் பக்கம் பக்கமாக எழுதவேண்டியதை அவன் ஒரு மூச்சில் சொல்லிவிட்டான். நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 2,00,000 லிட்டர் என்று பலகையில் இருக்கிறது. தலைக்கு 135 லிட்டர், வீட்டுக்கு 4 பேர் என்று வைத்தால் ஒரு டவருக்கு 60,000 லிட்டருக்குச் சற்று மேல். மூன்று டவரும் நிறைந்தாலும் 1,80,000 சொச்சம். காகிதத்தில் இடிக்கவே இல்லை. ஆனால் அந்தத் தண்ணீர் 24 மணி நேரத்துக்கும் சமமாகப் பங்குபோட்டுக்கொண்டு வருவதில்லை. காலை 6 மணியிலிருந்து 10 மணிக்குள் பெரும்பகுதி வந்து இறங்கிவிடும். அதைத் தேக்கி நிதானமாக உள்ளே விடத்தான் சமன்செய்யும் தொட்டி. அந்தத் தொட்டி எத்தனை மணி நேர வரத்துக்குக் கட்டப்பட்டது என்பது எந்த ஆவணத்திலும் இல்லை. பண்டிகைக்கு வந்த விருந்தாளிகள், எண்ணெய், சீயக்காய், பிளோயர் நின்றுபோனதால் மூச்சுத் திணறிய பாக்டீரியா எல்லாம் சேர்ந்து, பேஸ்மென்ட்டில் வழிந்து, கார் நிறுத்தும் இடம்வரை வந்தது. அதன்பின் பல நாள், சுத்திகரிக்கப்பட்டு ஃபிளஷுக்குத் திரும்பி வந்த தண்ணீரின் நிறத்தை இங்கே எழுத விரும்பவில்லை. நிலைமை இப்படியிருக்க, இன்னும் 112 வீட்டை அதில் இணைக்கப் போகிறீர்கள்.

லிஃப்ட்டுக்கு ஏற்றிய எடைக்கல் சோதனை அவசியமானது, அதைக் குறை சொல்லவில்லை. கயிறும் பிரேக்கும் தாங்குமா என்று அது சொல்லும். காலை ஏழரைக்குப் பள்ளி வேன் வந்து நிற்கும்போது எத்தனை பேரை இறக்க முடியும் என்று சொல்லாது. குடியிருப்புக் கட்டடத்தில் 5 நிமிடத்தில் மொத்த ஆட்களில் 7.5 விழுக்காட்டினரை லிஃப்ட்டுகள் ஏற்றி இறக்கவேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பு தரும் அளவு. எங்கள் டவருக்கு அது சுமார் 34 பேர். இருப்பதோ இரண்டு லிஃப்ட்: 13 பேருக்கு ஒன்று, 8 பேருக்கு ஒன்று. புதிதாகக் குடிவருகிறவர்களின் இன்டீரியர் வேலைக்குப் பெரிய லிஃப்ட்டில் பிளைவுட் ஏறிக்கொண்டே இருக்கிறது. சின்ன லிஃப்ட் மாடிக்கு மாடி நின்று கீழே வந்து மேலே போக இரண்டரை நிமிடம் ஆகிறது. மூச்சுமுட்ட நின்றாலும் 5 நிமிடத்தில் 16 பேர். வேனைத் தவறவிட்ட பிள்ளைகளைப் பைக்கில் துரத்திக்கொண்டு போகிற அப்பாக்களைத் தினமும் கேட்டில் பார்க்கலாம்.

தண்ணீர் அழுத்தத்தைப் பற்றி நீட்டவில்லை. ஒரு குழாயைத் திறந்து பார்ப்பதற்கும் நூறு குழாயைத் திறந்து பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் பிளம்பரே சொல்வார்.

இதையெல்லாம் ஒழுங்காகச் சோதிக்க நேரமில்லாமல் போனது ஏன் என்பது எங்களுக்கும் தெரியும். கட்டி முடிக்க இரண்டு தடவை தேதி தள்ளிப்போனது. சாவி கொடுக்கும் தேதியை மட்டும் தள்ளவில்லை. நடுவில் இருந்த சோதனை நாள்கள்தான் கரைந்தன. லண்டன் ஹீத்ரோவில் ஐந்தாம் முனையம் 2008 மார்ச் 27 அன்று திறந்தபோது நடந்தது உங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. திறப்புக்கு முன் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களை வரவழைத்து ஒத்திகை பார்த்தவர்கள் அவர்கள். அப்படியும் முதல் நாளே பெட்டிகள் குவிந்து, அடுத்தடுத்த நாள்களில் நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்தாகி, 20,000க்கும் மேற்பட்ட பைகள் உடையவரைவிட்டுப் பிரிந்தன. கட்டுமானத் தாமதத்தால் சோதனையில் சமரசம் செய்துகொண்டோம் என்று அந்த முனையத்தைப் பயன்படுத்திய பிரிட்டிஷ் ஏர்வேஸின் தலைமை நிர்வாகியே நாடாளுமன்றக் குழு முன் ஒப்புக்கொண்டார். அவ்வளவு ஒத்திகை பார்த்தவர்களுக்கே அந்தக் கதி. நீங்கள் ஒத்திகையே பார்க்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குழுவிலேயே சிலர், “சரி, அடுத்த தீபாவளிக்கு மாடிவாரியாக நேரம் பிரித்துக் குளிப்போம்” என்கிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் அப்படிச் செய்தால் உங்கள் கணக்கில் உள்ள ஓட்டையை நாங்கள் எங்கள் நேரத்தால் அடைத்துத் தருவதாக ஆகும். மூன்றாவது டவருக்கு வரப்போகிறவர்களுக்கு அந்த ஓட்டை இருப்பதே தெரியாது. அவர்களும் எங்களைப் போல வங்கிக் கடன் வாங்கி வருகிறவர்கள்தான்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 14(3), உங்களுக்குப் புதிதல்ல. கட்டமைப்பில் மட்டுமல்ல, வேலைத்தரத்திலும் வசதிகளை அளிப்பதிலும் உள்ள குறையை, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் நாங்கள் சுட்டிக்காட்டினால், தனிக் கட்டணம் இன்றி 30 நாளில் சரிசெய்துதரும் பொறுப்பு உங்களுடையது. இந்த மடலை அப்படிச் சுட்டிக்காட்டுவதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மெயின்டனன்ஸ் நிதியிலிருந்து ஒரு ரூபாயும் இதற்கு எடுக்கக் கூடாது.

எங்கள் கோரிக்கைகள் இவை.

முதலாவதும் முக்கியமானதும்: கீழே சொல்லும் சோதனைகள் முடிந்து, முடிவுகள் எங்கள் கைக்கு வரும்வரை மூன்றாவது டவரின் மின்னிணைப்பையும் கழிவுநீர்க் குழாயையும் பொது அமைப்புகளில் இணைக்காதீர்கள். யுகாதி தள்ளிப்போனால் அட்சய திருதியை இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாங்களே உங்களுக்கு உச்சச் சுமையை உண்டாக்கித் தருகிறோம். முதலில் ஒரு டவரில் கால்வாசி வீடுகள், அப்புறம் பாதி, அப்புறம் முக்கால், கடைசியில் எல்லா வீடுகளும் கெய்சரைப் போடும், குழாயைத் திறக்கும். ஒவ்வொரு படியிலும் மின் பேனலில் மின்னோட்டத்தையும், இணைப்புகளின் சூட்டை வெப்பக் கேமராவிலும் உங்கள் பொறியாளர்கள் அளந்து எழுதட்டும். அளவு மீறினால் அந்தப் படியிலேயே நிறுத்திவிடலாம். அசோசியேஷன் தரப்பில் இரண்டு பேர் பக்கத்தில் நிற்போம். மறுவாரம் இரண்டு டவரையும் சேர்த்துச் செய்யுங்கள்.

ஜெனரேட்டரை லோட் பேங்க் வைத்து முழுச் சுமையில் தொடர்ந்து சில மணி நேரம் ஓட்டிக் காட்டுங்கள். பம்பு, லிஃப்ட், பிளோயர் மூன்றும் வரிசையாக எழும்படி பேனலைத் திருத்துங்கள். லிஃப்ட் பேட்டரிகளைச் சோதனைக்குக் காத்திராமல் இந்த வாரமே மாற்றுங்கள். அதற்கு ஆய்வு எதுவும் தேவையில்லை.

சுத்திகரிப்பு நிலையத்தில் உள்வரத்தை மணிக்கு மணி அளக்கும் மீட்டர் பொருத்தி, ஒரு மாதக் கணக்கை எங்களுக்கும் தாருங்கள். நீர் மாதிரியைக் காலை நெரிசல் நேரத்தில், எங்கள் முன்னிலையில் எடுங்கள். இன்டீரியர் வேலைக்கான பொருள்களைக் காலை 10 மணிக்கு முன் லிஃப்ட்டில் ஏற்றக் கூடாது என்று ஒப்பந்தக்காரர்களுக்கு எழுத்தில் உத்தரவு போடுங்கள்.

மின் வடிவமைப்பில் எடுத்துக்கொண்ட குறைப்பு விகிதம், சமன்செய்யும் தொட்டியின் கொள்ளளவு, லிஃப்ட் எண்ணிக்கைக்கான கணக்கு, இந்த மூன்றின் தாள்களையும் அசோசியேஷனிடம் ஒப்படையுங்கள்.

எழுத்தில் பதில் 30 நாளுக்குள் வேண்டும். பேச வருகிறவர் ஒப்படைப்புப் பிரிவின் மேலாளராக இல்லாமல், இந்த அமைப்புகளை வடிவமைத்துக் கையெழுத்திட்ட பொறியாளராக இருக்கட்டும். பதில் வராவிட்டால் கர்நாடக ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் இதே மடலை உங்கள் சோதனை அறிக்கையோடு சேர்த்துத் தாக்கல் செய்வோம்.

இப்படிக்கு,
இரண்டாவது டவரில் குடியிருப்பவன்,
சந்தாபுரா, பெங்களூரு.